பழசு, பழமை, அரதப் பழசு: எதற்கு எந்தச் சொல்?

'பழைய வீட்டை விற்றுவிட்டார்' என்ற வாக்கியத்தை வைத்து அந்த வீட்டின் வயதைச் சொல்ல முடியாது. சுவர் விரிசல் விட்ட எண்பது வருட வீடாக இருக்கலாம். இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடிவருவதற்கு முன் இருந்த, கட்டி ஐந்தே வருடமான வீடாகவும் இருக்கலாம். 'பழைய வண்டி வாங்கினான்' என்றால் ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி என்றுதான் பொருள். அது போன வருடத்து வண்டியாகக்கூட இருக்கும். 'அவர் நமக்குப் பழைய ஆள்தான்' என்றால் நெடுநாள் பழக்கம். வயதானது, முந்தியது, கைபட்டது, பழகியது என்று நான்கு வேலைகளை இந்த ஒற்றைச் சொல் செய்கிறது.

பேச்சில் இதனால் பெரிய சிக்கல் வருவதில்லை. முகபாவமும் சூழலும் கைகொடுத்துவிடும். எழுத்தில் அந்த வசதி கிடையாது. 'பழைய நண்பர்' என்று எழுதினால் நாற்பது வருட நண்பரா, இப்போது நட்பில் இல்லாதவரா என்று வாசகர் ஒரு நொடி நின்று யோசிப்பார். முதலாவதற்கு 'நெடுநாள் நண்பர்', இரண்டாவதற்கு 'முன்னாள் நண்பர்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பதவிகளுக்கு எப்போதும் 'முன்னாள்'தான். 'பழைய முதல்வர்' என்று எழுதினால் அது பேச்சுத்தமிழ் ஆகிவிடும். பள்ளிகளில் மட்டும் வழக்கு இரண்டுபடுகிறது: தமிழ்நாட்டில் முன்னாள் மாணவர் சங்கம், இலங்கையில் பழைய மாணவர் சங்கம்.

பழமையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை ஆண்டுக் கணக்கைச் சொல்வதற்காக ஏற்பட்டவையல்ல. ஒரு பொருளுக்கு வயது என்பது ஒன்று. அது இன்னும் வழக்கில் இருக்கிறதா என்பது வேறொன்று. அதன் மதிப்பு ஏறியதா இறங்கியதா என்பது மூன்றாவது. நூறு வருடப் பாலத்தில் இன்றும் வண்டிகள் போகின்றன என்றால் அது பழமையானது, ஆனால் வழக்கொழிந்தது ஆகாது. மூன்றே வருடமான மென்பொருள் வழக்கொழிந்துபோயிருக்கலாம். அதைப் பழமையானது என்றால் சிரிப்பார்கள். சொல் தேர்வில் நேரும் தவறுகள் அநேகமாக இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால் வருகின்றன.

பழ, முது, தொல்

இந்தச் சொற்கூட்டத்தின் அடிவேர்கள் மூன்று. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பார்க்கும் திசை வேறு.

'பழ' என்பது நாள் கடந்ததையும் பழகியதையும் ஒருசேரக் காட்டும். பழகு, பழக்கம் ஆகியவையும் இதே குடும்பம்தான். அதனால் எதனோடும் சேரும்: பழங்கதை, பழம்பகை, பழம்பாக்கி, பழந்துணி.

'முது' என்பதில் வளர்ச்சி இருக்கிறது. முதிர், முற்று, மூ, மூத்த எல்லாம் இதன் உறவுகள். உயிருள்ளதும் உள்ளே திரண்டு கெட்டிப்பட்டதும்தான் முதிரும். முதிர்ச்சி என்றால் பாராட்டு. ஆனால் முற்றுவது எல்லா இடத்திலும் நல்லதல்ல: முற்றிய தேங்காயைத் தேடி வாங்குவார்கள், முற்றிய வெண்டைக்காயை ஒதுக்குவார்கள். கல்லூரிப் படிப்புக்கு இளங்கலை, முதுகலை என்று பெயர் வைத்தவர்கள் இந்த வளர்ச்சிப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். முதுநிலை மேலாளர் என்பதிலும் அதுவே.

'தொல்' இன்னும் பின்னால் போகும். தொடக்கம் கண்ணுக்கு எட்டாத பழமை இது. தொல்குடி, தொல்லெழுத்து, தொல்பொருள், தொல்லியல். நேற்றைய நாளிதழுக்கும் தாத்தாவின் நாற்காலிக்கும் 'தொல்' ஒட்டாது. இதனோடு அடிக்கடி குழம்புவது 'தொன்மம்'. தொன்மை என்பது பழமை. தொன்மம் என்பது வழிவழியாக வரும் புராணக் கதைக்கு இக்காலத்தில் வழங்கும் கலைச்சொல். 'தொன்மம் வாய்ந்த நகரம்' என்று எழுதினால் கதைகள் நிறைந்த நகரம் என்றாகிவிடும்.

ஒரே ஊருக்கு இவற்றில் பல சொற்கள் பெயராக அமைந்ததற்கு விருத்தாசலம் நல்ல சான்று. அதன் பழந்தமிழ்ப் பெயர் முதுகுன்றம்; கோயில் இறைவன் பெயர் பழமலைநாதர்; வடமொழியில் விருத்தம் என்றால் முதியது, அசலம் என்றால் மலை. பேச்சில் விருத்தாப்பியம், விருத்தர் என்று வரும் சொற்களிலும் அதே விருத்தம்தான். இறைவனுக்கு விருத்தகிரீஸ்வரர் என்றும் பெயர் உண்டு.

இனி ஒட்டுப்போடும்போது நேரும் பிழைகளுக்கு வருவோம். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பழமை என்ற பண்புப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது 'மை' போய்விடும். நன்னூல் இதற்கு 'ஈறு போதல்' என்று தொடங்கும் ஒரு சூத்திரத்தையே வைத்திருக்கிறது. மீதியிருக்கும் 'பழ' என்பதற்குப் பின் க, ச, த, ப வந்தால் அதனதன் இனமான மெல்லெழுத்து தோன்றும். க-வுக்கு ங், ச-வுக்கு ஞ், த-வுக்கு ந், ப-வுக்கு ம்: பழங்காலம், பழஞ்சோறு, பழந்தமிழ், பழம்பாடல். உண்ணும் பழத்துக்கு விதி வேறு. அங்கே வல்லெழுத்தே மிகும்: பழக்கூடை, பழச்சாறு, பழத்தோட்டம். ஆக பழக்கூடை என்பது பழம் வைக்கும் கூடை, பழங்கூடை என்பது பழைய கூடை. ஒரே ஓர் ஒற்றெழுத்து பொருளை மாற்றிவிடுகிறது. பழச்சாறு குடிக்கலாம், பழஞ்சாறு என்றால் என்றைக்குப் பிழிந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பாதுகாப்பு எல்லா எழுத்துக்கும் கிடைப்பதில்லை. அடுத்த சொல் ம, வ போன்ற எழுத்தில் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'பழமரம்' என்று எழுதினால் பழம் தரும் மரம் என்றுதான் எவரும் படிப்பார்கள். வயதான மரத்தைச் சொல்ல 'முதுமரம்' இருக்கிறது. 'பழவண்டி' என்றால் தள்ளுவண்டியில் வாழைப்பழம் வருகிறது என்று தோன்றும். 'பழைய வண்டி' என்று பிரித்தே எழுத வேண்டும்.

முதுமைக்கு வேறொரு குணம். அடுத்து மெய்யெழுத்து வந்தால் அப்படியே நிற்கும்: முதுமொழி, முதுமரம், முதுநிலை. உயிரெழுத்து வந்தால் முதலெழுத்து நீளும்: முது + ஊர் மூதூர், முது + உரை மூதுரை, முது + ஆட்டி மூதாட்டி, முது + அறிஞர் மூதறிஞர். நன்னூல் சூத்திரத்தில் வரும் 'ஆதி நீடல்' இதுதான். 'முதாதையர்' என்று குறிலில் எழுதுவது இந்த விதி தெரியாததால் வரும் பிழை.

முதுமக்கள் தாழி என்ற சொல்லும் தவறாகப் படிக்கப்படுகிறது. முதுமக்கள் என்றால் இங்கே தொல்காலத்து மக்கள். இதை 'வயதானவர்கள்' என்று எடுத்துக்கொண்டால், நடமாட முடியாத கிழவர்களை உயிரோடு தாழியில் உட்காரவைத்தார்கள் என்று ஊரில் சொல்லப்படும் கதைக்கு வாகாகப் போய்விடும். ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை இறந்தவர்களைப் புதைத்த தாழிகள்.

பொருள் தடம் மாறிய சொற்கள்

பழமைச் சொற்கள் தாமே வயதாகி வேறு பொருளுக்குப் போயிருக்கின்றன. தொல்லை என்பதற்குப் பழைய இலக்கியத்தில் பழமை என்று பொருள். இன்று உபத்திரவம் மட்டும்தான். பழைமை என்ற பெயரில் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு, 81-ஆவது. அது பழம்பொருளைப் பற்றியதன்று. நெடுநாள் நட்பில் வரும் உரிமையைப் பற்றியது. பழைமை, பழமை இரண்டு எழுத்துமுறையும் சரியே. இன்று இரண்டாவதே பெருவழக்கு.

எல்லாவற்றிலும் பெரிய சரிவு கிழவனுக்குத்தான். கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளை இலக்கணத்தில் இன்றும் கிழமைப் பொருள் என்கிறோம். எனவே கிழவன் என்றால் உரியவன், தலைவன். கிழத்தி என்றால் உரியவள், தலைவி. தொல்காப்பியத்தின் அகப்பொருள் பகுதியில் வரும் கிழவனும் கிழத்தியும் காதல் வயதில் இருப்பவர்கள். நிலக்கிழார் என்ற சொல்லில் அந்த உரிமைப் பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாக நிற்கும்போது மட்டும் அது தள்ளாடும் ஆளைக் குறிக்கிறது. பழம்பாடல்களுக்கு உரை எழுதும் மாணவர்கள் 'கிழவோன்' என்ற இடத்தில் முதியவர் என்று எழுதிவிடுவது இதனால்தான்.

தொண்டு கிழவன், தொண்டு கிழம் என்பதில் வரும் 'தொண்டு' ஊழியம் அல்ல. தொல், தொன்று என்பவற்றின் உறவாக, பழமையைக் குறிப்பது.

ஆட்களுக்குச் சொல்லும்போது

மனிதர்களுக்கு வயதுச் சொல் போடும்போது திணையைப் பாருங்கள். கிழவன், கிழவி என்பவையே இன்று மரியாதைக் குறைவு. அதையும் 'கிழம்' என்று ஆக்கினால் உயர்திணை அஃறிணை ஆகிவிடுகிறது: 'அந்தக் கிழம் என்ன சொல்லுது?' வினைமுற்றும் சேர்ந்தே இறங்கிவிட்டதைக் கவனியுங்கள். கிழம் கட்டை, கிழட்டு என்று வருபவை இன்னும் கீழே. 'பெருசு' என்பதும் இலக்கணப்படி அஃறிணைதான், ஆனால் அதில் செல்லமும் கலந்திருக்கும். இளைஞர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள், முகத்துக்கு நேரே சொன்னால் ஆளைப் பொறுத்துத்தான் சிரிப்போ சண்டையோ. நேரே அழைக்க பெரியவரே, ஐயா, தாத்தா, பாட்டி, அம்மா என்று எத்தனையோ இருக்கின்றன.

செய்திகளில் ஆணுக்கு முதியவர், பெண்ணுக்கு மூதாட்டி என்று வழக்கம். மூதாட்டி கௌரவமான சொல்தான். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை மூதாட்டி என்று தலைப்பில் போடும்போதுதான் அது உறுத்துகிறது. அதே வயது ஆணை எவரும் முதியவர் என்று எழுதுவதில்லை. வயதை எண்ணாகவே கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்த பழைய பாட்டியல் மரபு 32 முதல் 40 வரையுள்ள கடைசிப் பருவத்துக்குப் பேரிளம்பெண் என்று பெயர் வைத்தது. பட்டியலின் கடைசியிலும் 'இளம்' என்பதை விடவில்லை. நாற்பதுக்கு மேல் பட்டியலே இல்லை என்பது வேறு விஷயம்.

மூத்த என்பது ஒப்பீட்டுச் சொல். மூத்த மகனுக்கு ஐந்து வயதுகூட இருக்கலாம். மூத்த வழக்கறிஞர் என்பது வயதுப் பட்டமல்ல. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தரும் தகுதி. 'மூத்த நடிகர்' என்றால் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர் என்று தோன்றும். 'பழம்பெரும் நடிகர்' என்ற அடைமொழி இரங்கல் செய்திகளில்தான் அதிகம் வருகிறது. அதனால் உயிரோடிருப்பவருக்குப் போட்டால் வாசகர் பதறிப்போய் அடுத்த வரியைத் தேடுகிறார். பாராட்டு விழா அழைப்பிதழ் அச்சடிப்பவர்கள் 'மூத்த' அல்லது 'முதுபெரும்' என்று போடுவது பத்திரம்.

பாராட்டா கேலியா என்று தெரியாத சொற்களும் உண்டு. 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்றால் துறையில் கரைகண்டவர். சொல்லும் தொனியைப் பொறுத்து மரியாதையாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும். 'பழம்பெருச்சாளி'யில் அந்த இரட்டைத்தன்மை கிடையாது. அனுபவத்தைத் தந்திரத்துக்குப் பயன்படுத்துகிறவன் என்று தீர்ப்பே வந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் ஆபத்தானது 'வயது' என்ற சொல்லைச் சுற்றியிருக்கும் மூன்று தொடர்கள். வயது வந்தோர் என்றால் பதினெட்டைக் கடந்தவர்கள். வயதுக்கு வந்த பெண் என்றால் பூப்பெய்தியவள். வயதானவர் என்றால் முதியவர். மருந்துச் சீட்டில் 'பெரியவர்களுக்கு இரண்டு மாத்திரை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வயதானவர்களுக்கு' என்று போட்டுவிட்டால், முப்பது வயதுக்காரர் தமக்கு எத்தனை என்று தெரியாமல் நிற்பார். குறைந்த அளவு தர வேண்டிய எண்பது வயதுக்காரருக்கு முழு அளவு போய்விடும்.

கெட்டுப்போவதற்குப் பொருளுக்கொரு சொல்

பொருள்கள் பழசாகும்போது அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்துத் தமிழ் சொல்லை மாற்றிக்கொள்கிறது. துணி நையும், கயிறும் நையும். துணி சாயமும் போகும். மரம் உளுத்துப்போகும், ஈரத்தில் கிடந்தால் மக்கும். பாரம் தாங்காமல் விழும் அளவுக்கு வந்துவிட்டால் இற்றுப்போனது. இரும்பு துருப்பிடிக்கும், செம்பும் பித்தளையும் களிம்பேறும். ஓலையும் தாளும் செல்லரிக்கும். சோறும் குழம்பும் ஊசிப்போகும், மாவு புளிக்கும், எண்ணெயில் காறல் வரும். கட்டடம் சிதிலமடையும்; ஆள் இல்லாமல் விட்டால் பாழடையும்.

சிதிலமும் பாழும் ஒன்றல்ல. ஆட்கள் குடியிருக்கும் வீடுகூடச் சிதிலமடைந்திருக்கலாம். பாழடைந்த வீட்டில் குடியிருப்பு இருக்காது. 'பாழடைந்த அரசுக் குடியிருப்பில் 40 குடும்பங்கள் வசிக்கின்றன' என்று எழுதினால் வாக்கியம் தன்னோடு தானே மோதுகிறது.

இந்தச் சொற்களால் என்ன லாபம் என்றால், காரணமும் சேர்ந்தே வந்துவிடும். 'உத்தரம் பழசாகிவிட்டது' என்பதைவிட 'உத்தரம் உளுத்துவிட்டது' என்றால் பூச்சி விழுந்திருக்கிறது என்று தச்சருக்குத் தெரியும். 'மக்கிவிட்டது' என்றால் எங்கோ நீர் கசிகிறது என்று அவர் கூரையைப் பார்ப்பார்.

நாள்பட்ட என்ற சொல்லைக் கெடுதல் நீடிப்பதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்: நாள்பட்ட இருமல், நாள்பட்ட வழக்கு, நாள்பட்ட மாவு. கோயிலுக்கோ மரத்துக்கோ அது வராது. அதற்கு நேரெதிர் 'பழமை வாய்ந்த'. வாய்த்தல் என்றாலே நல்லது அமைதல். ஆகவே பழமை வாய்ந்த கோயில், பழமை வாய்ந்த நூலகம் என்பவை சரி. 'பழமை வாய்ந்த செருப்பு' என்றால் நகைச்சுவை. மதிப்பு ஏற்றாமல் வயதை மட்டும் சொல்ல 'நூறாண்டுப் பழைய' போதும்.

வழக்கு முடிந்தவை

காலாவதி என்ற சொல்லில் உள்ள அவதி இன்று நாம் சொல்லும் துன்பம் அல்ல, எல்லை. காலத்தின் எல்லை முடிந்துவிட்டது என்று பொருள். எனவே எல்லைத் தேதி ஒன்று குறிக்கப்பட்டிருந்தால்தான் எதுவும் காலாவதியாகும்: மாத்திரை, ஓட்டுநர் உரிமம், அவசரச் சட்டம், சலுகைச் சீட்டு. போன மாதம் வாங்கிய பாலாடைக்கட்டி காலாவதியாகியிருக்கலாம், பத்து வருட உரிமம் ஆகாமலிருக்கலாம். 'காலாவதியான கருத்துகள்' என்று உருவகமாக எழுதுவது இப்போது பரவிவிட்டது. அதில் தவறில்லை, ஆனால் அலுவலக ஆவணத்தில் அப்படி எழுதாதீர்கள். 'காலாவதியான ஒப்பந்தம்' என்று படிப்பவர் தேதி முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒப்பந்தத்தின் பிரிவுகள் இன்றைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் அதையே சொல்லிவிடுங்கள்.

வழக்கொழிந்த என்பது பயன்பாடு நின்றுபோனதைச் சொல்லும். சொல், நாணயம், கருவி, சடங்கு எதற்கும் பொருந்தும். இன்னும் நாலு பேர் பயன்படுத்துகிறார்கள் என்றால் அது 'அருகிய' நிலை. நன்னூலார் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று மொழிக்குச் சொன்னபோது இந்தக் கழிதலைக் குற்றமாகக் கருதவில்லை.

இதில் வழுக்கலான சொல் 'காலங்கடந்த'. காலங்கடந்த நடவடிக்கை என்றால் தாமதம். காலங்கடந்த சட்டம் என்றால் இன்றைக்கு ஒவ்வாதது. காலங்கடந்த காவியம் என்றால் என்றைக்கும் அழியாதது. வசவும் வாழ்த்தும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. பெயர்ச்சொல் தெளிவாக இல்லாத இடத்தில், காட்டாக 'காலங்கடந்த சிந்தனை' என்று எழுதினால், எழுதியவருக்கு மட்டுமே பொருள் தெரியும். தாமதமான, இக்காலத்துக்கு ஒவ்வாத, காலத்தை வென்ற என்று மூன்றையும் பிரித்துக்கொள்வதே நல்லது.

கணினித் தமிழில் இன்னொரு விபத்து. மாற்றியாக வேண்டிய பழைய கணினி அமைப்பை 'மரபுவழி அமைப்பு' என்று பெயர்த்துவிடுகிறார்கள். மரபு, பாரம்பரியம் இரண்டும் காப்பாற்ற வேண்டியவற்றுக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள். அறிக்கையைப் படிக்கும் மேலாளர் அதை ஏன் தூக்கச் சொல்கிறார்கள் என்று குழம்பிப்போவார். 'பழைய அமைப்பு' என்று எளிமையாகச் சொன்னால் போதும். கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் வரும் 'பழைய கடவுச்சொல்' சரியானதே, அங்கே பழைய என்பதற்கு முந்தைய என்று பொருள்.

சட்டம் போட்ட கோடு

பேச்சில் நெகிழ்வாக இருக்கும் இந்தச் சொற்களுக்குச் சட்டம் சில இடங்களில் எண் வைத்திருக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி, ஒரு சிலையோ நாணயமோ தொல்பொருள் ஆவதற்குக் குறைந்தது 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி, ஆவணம் என்றால் 75 ஆண்டு போதும். பழங்கால நினைவுச் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எல்லை 100 ஆண்டுதான். எனவே 90 வருட வெண்கலச் சிலையைச் செய்தியில் 'தொல்பொருள்' என்று எழுதுவது சட்டப்படி தவறான விவரம். 'பழைய சிலை' என்று போட்டால் சிக்கல் இல்லை.

மொழிக்கும் இப்படி ஒரு கோடு உண்டு. 2004-இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபோது ஆயிரம் ஆண்டுத் தொன்மை போதும் என்றிருந்தது. அடுத்த ஆண்டே அதை 1,500 முதல் 2,000 ஆண்டு என்று உயர்த்தினார்கள். மனிதர்களுக்கு 60 வயதில் மூத்த குடிமகன் என்ற பெயர் வருகிறது. வருமான வரிக் கணக்கில் 80 ஆனால் மிக மூத்த குடிமகன்.

வாகனத்தை எடுத்துக்கொண்டால் சொல்லும் மதிப்பும் சேர்ந்து மாறுவது தெளிவாகத் தெரியும். சொந்த உபயோகக் கார் ஒன்றின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் பேச்சுமொழியில் அது காயலான்கடைக்குப் போக வேண்டிய வண்டி, பாடாவதி வண்டி. அதே கார் உருமாற்றம் இல்லாமல் தப்பிப் பிழைத்து, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிவிட்டால், 2021-இல் வந்த விதிகளின்படி பழம்பெருமை வாகனமாகத் தனிப் பதிவெண் பெறலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அதைப் பயன்படுத்தக் கூடாது. இடையில் உள்ள முப்பத்தைந்து வருடம் எந்த வண்டிக்கும் கெட்ட காலம்: புதியதும் இல்லை, போற்றத்தக்க பழமையும் வந்திருக்காது. பழமை வாய்ந்த என்ற சொல் வீட்டுச் சாமான்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் தாமதமாக வந்து சேர்கிறது.

கேலிக்கென்றே இருப்பவை

பேச்சுத்தமிழ் தன் கைவரிசையைக் காட்டுவது இங்கேதான். அரதப் பழசு எல்லாவற்றையும்விட ஓசை நயம் உள்ளது. அறுதப் பழசு, அதரப் பழசு என்றும் எழுதுவார்கள். அச்சில் முதல் வடிவமே அதிகம். இது ஆட்களுக்கு வருவதில்லை. நகைச்சுவைத் துணுக்கு, கதை, வண்டி, யோசனை ஆகியவற்றுக்குத்தான்.

பத்தாம்பசலி ஆளுக்கும் கருத்துக்கும் வரும். பசலி என்பது நிலவரிக்கான ஆண்டுக் கணக்கு. முகலாயர் ஆட்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் இன்றும் ஜூலை முதல் தேதி புதுப் பசலி பிறக்கிறது. அன்றைய ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும்: 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் பத்தாம் பசலி கி.பி. 600-இல் போய் விழும். அக்பர் பட்டத்துக்கு வந்த 1556-க்கு ஒத்த ஹிஜ்ரி 963-ஐயே தொடக்க எண்ணாக வைத்துக்கொண்டு ஆரம்பித்த கணக்கில் அப்படியோர் ஆண்டு நடந்திருக்க வாய்ப்பில்லை. கிராமக் கணக்கில் நூற்றையும் ஆயிரத்தையும் விட்டுவிட்டுச் சொல்லும் பத்து என்று கொள்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும் பழைய வரிக்கணக்கை இன்னும் புரட்டிக்கொண்டிருக்கும் ஆள் என்ற சித்திரம் கிடைத்துவிடுகிறது.

'சுத்த கர்நாடகம்' என்ற ஏச்சும் அதே வகை. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்குக் கர்நாடகம் என்று பெயர். 1801-இல் கம்பெனி அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. போன ஆட்சியின் பெயர் போன காலத்து மனிதருக்கு ஆகிவந்திருக்கிறது. சங்கீதத்தோடு குழப்பிக்கொண்டு இன்றைய இளைஞர்கள் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதால், இப்போது பயன்படுத்தினால் குறி தவறும். பழைய பஞ்சாங்கம் என்பதை விளக்கவே வேண்டாம். வருடம் தவறாமல் புதிதாக வாங்க வேண்டிய ஒன்றை மாற்றாமல் வைத்திருப்பவர். கட்டுப்பெட்டி கொஞ்சம் வேறு. அது வயதைப் பற்றியதல்ல, கட்டுப்பாட்டைப் பற்றியது; இருபது வயதுப் பெண்ணையும் கட்டுப்பெட்டி என்பார்கள்.

காலத்தைப் பெயரிட்டுச் சொல்லும் கேலிகளில் தூரம் கூடிக்கொண்டே போகும். தாத்தா காலத்து, பாட்டன் பூட்டன் காலத்து, ஹைதர் காலத்து, கற்காலத்து, ஆதாம் ஏவாள் காலத்து. ஹைதர் அலி 1780-இல் கர்நாடகப் பகுதிக்குள் படையெடுத்து வந்த கலவரம் ஊர் ஊராக நினைவில் நின்றதால் அவர் பெயர் ஒரு காலக்கோடாகிவிட்டது. இவற்றில் தாத்தா காலத்து என்பது மட்டும் இருபக்கமும் பேசும்: தாத்தா காலத்துக் கடிகாரம் பெருமை, தாத்தா காலத்து யோசனை கேலி.

'வெள்ளைக்காரன் காலத்து' என்பதும் பின்னால் வரும் பெயரைப் பார்த்துத்தான் நிறம் மாறுகிறது. பாலம், அணை, ரயில் நிலையம் என்றால் உறுதிக்குச் சான்று. சட்டம், படிவம், அலுவலக நடைமுறை என்றால் உடனே மாற்ற வேண்டிய சங்கதி. 'வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்' என்று மொட்டையாக நின்றால் இரண்டுக்கும் இடம் உண்டு; இடிக்கச் சொல்கிறாரா காக்கச் சொல்கிறாரா என்று அடுத்த வாக்கியத்திலாவது எழுதியவர் சொல்லிவிட வேண்டும்.